மொட்டைமாடிக்குக் கீழே ஒரு விசிறியில்லாக் கணினி

மே மாதத்தில் தாம்பரம் பக்கத்து வீடுகளில், மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் அதிகமாகத் தகிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், உச்சம் வருவது வெயில் இறங்கிய பிறகு, மாலை ஆறிலிருந்து எட்டுக்குள். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் மேலே வாங்கிய வெப்பத்தைக் கீழே கொண்டுவந்து சேர்க்க மூன்று, நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. தளத்தின் மேல் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி போட்டு ஓடு பதித்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும், கொஞ்சம் குறையும். ஸ்டூல் போட்டு ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

கடல் கிழக்கே சுமார் 14 கிலோமீட்டர்தான். ஆனாலும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாள்களில் கடற்காற்று உள்ளே வர நேரமாகிவிடும். மீனம்பாக்கத்தில் மே மாதப் பகல் உச்சத்தின் சராசரியே 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. 2003 மே கடைசியில் சென்னை நகரம் 45 டிகிரியைப் பார்த்தது. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் நம் அறையின் வெப்பம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் கணினியைத் திறக்கும் நேரமும் அறை உச்சத்தில் தகிக்கும் அந்த மாலை ஏழு மணிதான்.

அந்த அறையில் விசிறியே இல்லாத ஒரு கணினியை நாமே கட்ட முடியுமா? முடியும். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்கிறவர்களின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் முடியாது.

அவர்கள் விசிறியைத் துறப்பது பெரும்பாலும் நிசப்தத்துக்காக. பனிக்காலத்தில் சன்னலெல்லாம் சாத்திய அறையில் ஒரு சின்ன விசிறியின் முனகலும் காதில் விழும். நமக்கு மேலே சீலிங் ஃபேன், கீழ்வீட்டில் குக்கர் விசில், நள்ளிரவு தாண்டினாலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி. நிசப்தம் நம் பட்டியலில் கடைசி. நம் பகை தூசு. பழுது பார்க்கும் கடையில் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். விசிறியின் இதழ்களில் சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் ஒரு படலம். அதற்குள் தலைமுடி, மழைக்கு முன் பறந்து வந்த ஈசலின் இறகுகள், சில சமயம் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே காய்ந்துபோன ஒரு பல்லி. “பேன் மெதுவா சுத்த ஆரம்பிச்சாலே போர்டுக்கு நாள் எண்ண வேண்டியதுதான் சார்” என்று கடைக்காரர் சொல்வது அனுபவக் கணக்கு. ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினியில் நகரும் உறுப்பு விசிறி ஒன்றுதான், அதுதான் முதலில் போகிறது. போகும்வரை வெளித்தூசை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

சரி, விசிறியை எடுத்துவிடுவோம். கணக்கு என்ன ஆகிறது?

ப்ராசஸர் தாங்கும் உச்ச வெப்பம், தயாரிப்பாளரைப் பொறுத்து, 95இலிருந்து 100 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் 85இல் நிறுத்திக்கொள்வோம். 25 டிகிரி அறையில் 85ஐத் தொடும்வரை நமக்கு 60 டிகிரி இடைவெளி இருக்கிறது. ப்ராசஸர் 65 வாட் வெப்பம் தருவதானால், ஒரு வாட்டுக்கு 0.92 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெப்பத்தை வெளியேற்றினால் போதும். இதை வெப்பத் தடை என்பார்கள். தடை குறையக் குறைய நல்லது. 40 டிகிரி அறையில் இடைவெளி 45 டிகிரியாகச் சுருங்குகிறது. தடை 0.69க்குள் இருக்க வேண்டும்.

நாலில் ஒரு பங்கு குறைந்ததுபோல்தான் தோன்றும். ஆனால் இந்தத் தடையில் ஒரு பகுதி நம் கையில் இல்லை. சிலிக்கானிலிருந்து ப்ராசஸரின் உலோக மூடி, அதிலிருந்து தெர்மல் பேஸ்ட், பிறகு ஹீட் பைப் என்று வெப்பம் கடந்துவரும் வழியிலேயே சுமார் 0.35 போய்விடும். எந்த ஊரானாலும் அது அதேதான். மிச்சம் இருப்பதுதான், வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கின் பங்கு. 25 டிகிரி அறையில் அது 0.57. நம் அறையில் 0.34. அதாவது, அறை 15 டிகிரி கூடுதல் சூடாக இருப்பதற்கு ஹீட் சிங்க்கின் பரப்பை ஏறத்தாழ 1.7 மடங்காக்க வேண்டும். விசிறியில்லாக் கேபினெட் விற்பவர்கள் “65 வாட் தாங்கும்” என்று பெட்டியில் அச்சடிப்பதன் பின்னால் ஓர் அறை ஒளிந்திருக்கிறது. அந்த அறை தாம்பரத்தில் இல்லை.

வெப்பம் போகும் பாதையைக் கொஞ்சம் நடந்து பார்ப்போம்.

ப்ராசஸரின் மூடிக்கும் அதன்மேல் உட்காரும் செம்புக் கட்டைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் காரியம் கெட்டது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் 400 என்றால் காற்றினுடையது 0.026. தெர்மல் பேஸ்ட் நல்லதாக இருந்தாலும் 10ஐத் தாண்டுவது அபூர்வம். ஆகவே பேஸ்ட் காற்றை வெளியேற்றுவதற்கு மட்டுமே. பருப்பளவு வைத்து அழுத்தினால் போதும். தாராளமாகத் தடவுகிறவர்கள் செம்புக்கு நடுவில் ஒரு சுவரை எழுப்புகிறார்கள்.

அடுத்து ஹீட் பைப். ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள, இரு முனையும் மூடிய செம்புக் குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒன்றிரண்டு மில்லி தண்ணீர் மட்டும் உள்ளே விட்டிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, உள்ளுறை வெப்பத்தை அங்கே இறக்கிவிட்டு நீராகிறது. குழாயின் உட்சுவரில் படிந்த செம்புத் துகள்களின் நுண்புழைகள் வழியே அந்த நீர் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ரிச்சர்ட் காக்ளர் 1940களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். யாரும் கவனிக்கவில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக அதையே கண்டுபிடித்து, விண்கலங்களுக்குக் கொண்டுபோனார். இன்று பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கிறது. 35 வாட் வெப்பத்தைச் சுமக்க நிமிடத்துக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தண்ணீர் ஆவியானால் போதும் என்பதை நினைத்தால், தண்ணீரின் மேல் மரியாதை கூடுகிறது.

இதைக் கையால் வளைக்கும்போது இரண்டு விஷயம். வளைவின் ஆரம், குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் உட்சுவர் நசுங்கி நீர் திரும்பும் வழி அடைபடும். இன்னொன்று, சூடான முனை கீழேயும் குளிர்ந்த முனை மேலேயும் இருக்கட்டும். புவியீர்ப்பும் நீரைத் திருப்பிக் கொண்டுவர உதவும். தலைகீழாக மாட்டினால் அதே குழாய் பாதிச் சுமையைத் தூக்கவும் திணறலாம்.

இதுவரை எல்லாம் சுலபம். உலோகத்துக்குள் வெப்பம் ஓட எங்கும் தயங்குவதில்லை. கடைசி அடிதான் கஷ்டம், உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு.

சூடான உலோகத்தை ஒட்டிய காற்று விரிந்து, லேசாகி, மேலே போகிறது. கீழிருந்து புதுக்காற்று வருகிறது. வெப்பச் சலனம் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் அதை நகர்த்தும் விசை எவ்வளவு? ஓர் அடி உயரமுள்ள காற்றுத் தூண், சுற்றுப்புறத்தைவிட 20 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், கிடைக்கும் அழுத்தம் 0.2 பாஸ்கல். மேசைமேல் கிடக்கும் ஒரு ஜெராக்ஸ் தாள், தன் எடையால் மேசையை அழுத்துவது 0.8 பாஸ்கல். அதில் கால்வாசி! சாதாரணக் கணினி விசிறி இதைப்போல் ஐம்பது, நூறு மடங்கு அழுத்தம் தரும். இந்த ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் விசிறியில்லாக் கணினியின் பாதி விதிகளை நீங்களே ஊகித்துவிடலாம். தூசு படாமல் இருக்கட்டும் என்று மேலே பூவேலைத் துணி விரிக்கும் நம் வழக்கம் இதற்கு ஆகாது. டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் தள்ளக் கூடாது. அடியில் காற்று நுழைய இரண்டு அங்குலமாவது கால் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். ஹீட் சிங்க்கின் தகடுகளான ஃபின்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். பெட்டியைப் படுக்க வைத்து ஃபின்கள் கிடையாகிவிட்டால் இந்தத் துளி அழுத்தமும் வீண்.

ஃபின்களின் இடைவெளியும் அப்படித்தான். விசிறியுள்ள கூலரில் ஃபின்கள் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நிற்கும், காற்றைத் தள்ள ஆள் இருப்பதால். ஆள் இல்லாவிட்டால் அவ்வளவு குறுகிய சந்துக்குள் காற்று போகாது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த எலன்பாஸ், இரண்டு சூடான தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, இடைவெளியை மாற்றி மாற்றி அளந்து 1942இல் வெளியிட்டார். இன்றும் கணக்குக்கு அவரிடம்தான் போகிறோம். அவர் சொன்ன முறையில் போட்டுப் பார்த்தால், 10 சென்டிமீட்டர் உயர ஃபின்னுக்கு 7 மில்லிமீட்டரும், 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டரும் ஏறத்தாழச் சரியான இடைவெளி. அதற்குமேல் ஃபின்னை நெருக்கினால் காசும் எடையும் கூடும், குளிர்ச்சி கூடாது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, கணினி நன்றாகச் சூடேறிய பிறகு ஓர் ஊதுவத்தியைப் பெட்டிக்கு அடியில் பிடியுங்கள். புகை முதலில் தன்போக்கில் மேலே போகும். ஃபின்களின் கீழ்விளிம்பை நெருங்கியதும் இழை இழையாகப் பிரிந்து சந்துகளுக்குள் இழுபடும். உள்ளே நேர்க்கோடாக ஏறி, மேல்விளிம்பைத் தாண்டி ஒரு சாண் உயரத்தில் சுருண்டு கலையும். எந்தச் சந்தில் புகை நுழையாமல் ஓரமாகப் போகிறதோ அந்தச் சந்து வேலை செய்யவில்லை என்று பொருள். ஆயிரக்கணக்கில் விலையுள்ள வெப்பக் காமிரா சொல்லாத விஷயத்தைச் சிலசமயம் இது சொல்லிவிடும்.

வெப்பம் வெளியேற இன்னொரு வழி இருக்கிறது. கதிர்வீச்சு. விசிறி உள்ள கணினியில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. விசிறியை எடுத்ததும் அது பெரிய பங்காளியாகிவிடுகிறது. 40 டிகிரி சூழலில், அனோடைஸ் செய்த ஒரு தட்டையான அலுமினியப் பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 6 வாட்டைக் கதிர்வீச்சாகவே அனுப்பும். சலனம் வழியாகப் போவது நாலோ ஐந்தோ வாட்தான். அதே அலுமினியம் பளபளவென்று மெருகேறி இருந்தால் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்குகூட வராது. கருப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வெப்பம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் போகிறது, அங்கே வெள்ளைப் பெயின்ட்டும் கருப்புதான். அனோடைசிங், பவுடர் கோட்டிங், சாதாரணப் பெயின்ட், எதுவானாலும் சரி, வெறும் உலோகமாக விடக் கூடாது.

பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. வேளச்சேரியிலிருந்து கூடுவாஞ்சேரி வரை தெருவுக்குத் தெரு இருக்கும் அலுமினிய ஜன்னல் பட்டறைகளில் அறுபடும் செக்ஷன்கள் பெரும்பாலும் 6063 என்ற கலவை. ஹீட் சிங்க் செய்வதற்கும் உலகெங்கும் பெரும்பாலும் அதுதான். வெப்பத்தைக் கடத்தும் திறன் 200ஐ ஒட்டி. ஜன்னல்காரரிடம் ஃபின் வைத்த நீளத் துண்டு இருக்காது, அதை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலோ அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கமோ தேட வேண்டும். ஆனால் கேபினெட்டின் சட்டம், அடித்தட்டு, கால்கள் எல்லாம் அவரிடமே ஆகும்.

ஒரு நுணுக்கம். ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால், ஒன்று அனுப்பும் கதிர்வீச்சை அடுத்தது வாங்கிக்கொள்கிறது. பெட்டியின் வெளிவடிவம் மட்டும்தான் அறையோடு பேசுகிறது. சலனமும் கதிர்வீச்சும் ஒன்றோடொன்று எப்படிக் குறுக்கிடுகின்றன என்பதைக் கணக்கிட்டவர்களில் முக்கியமானவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். சென்னை ஐஐடியில் எஸ்.பி. வெங்கடேசனும் சி. பாலாஜியும் 1990களில் மூடிய பெட்டிக்குள் நடக்கும் சலனத்தை ஆராய்ந்தார்கள். சுவர்களின் கதிர்வீச்சைச் சேர்த்துக்கொண்டால் சலனத்தின் பங்கு குறைகிறது என்றும், அந்தக் குறைவைக் கதிர்வீச்சு ஈடுகட்டுகிறது என்றும் காட்டினார்கள். கதிர்வீச்சை விட்டுவிட்டுப் போடும் கணக்கு, சுவர் ஓரளவு பளபளப்பாக இருந்தாலும் தப்பாகிவிடும்.

இங்கே நம் மொட்டைமாடி மறுபடி குறுக்கே வருகிறது. கதிர்வீச்சு போய்ச் சேர்வது அறைக்காற்றிடம் இல்லை, எதிரே உள்ள பரப்புகளிடம். சீலிங் 42 டிகிரியில் இருந்தால், அதைப் பார்த்தபடி இருக்கும் பெட்டியின் மேல்தட்டு அந்தச் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். அதனால் பெரிய பரப்புகளைப் பக்கவாட்டில் வையுங்கள். வெயில்படாத உள்சுவரைப் பார்த்து நிற்கட்டும். மேற்குச் சுவர் வேண்டாம்.

தாம்பரத்திலிருந்து தெற்கே 50 கிலோமீட்டருக்குள், கல்பாக்கத்தில், இதே இயற்பியல் வேறு அளவில் நிற்கிறது. அங்குள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலை 1250 மெகாவாட் வெப்பத்திலிருந்து 500 மெகாவாட் மின்சாரம் எடுக்க வடிவமைக்கப்பட்டது. அணுஉலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் சிதைவு வெப்பம் வந்துகொண்டே இருக்கும். 2011இல் புகுஷிமாவில் ஆழிப்பேரலை மின்சாரத்தை அறுத்ததும் பம்புகள் நின்றன, உலைகள் உருகின. கல்பாக்கத்தின் வடிவமைப்பாளர்கள் இந்தக் கடைசிக் காவலைப் பம்பிடம் ஒப்படைக்கவில்லை. தலா 8 மெகாவாட் அகற்றும் நான்கு தனிச்சுற்றுகள். சூடான சோடியம் தானாகவே மேலேறி, காற்று படும் குழாய்களில் குளிர்ந்து, தானாகவே கீழிறங்கும். அந்தக் குழாய்கள்மேல் காற்றை இழுப்பது சுமார் 30 மீட்டர் உயரப் புகைபோக்கிகள். சோடியத்தை நகர்த்தப் பம்ப் இல்லை, காற்றைத் தள்ள விசிறி இல்லை. இதைச் சிறிய அளவில் ஓட்டிப் பார்க்கவே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ‘சாதனா’ என்ற சோதனைச் சுற்றைக் கட்டினார்கள்.

உயரம் கூடக் கூட இழுப்பும் கூடும் என்பதுதான் அதில் நமக்குப் பாடம். ஃபின்களின் மேல், நாலு பக்கமும் அடைத்து ஒரு முழ உயரத்துக்கு மெல்லிய தகட்டுப் போக்கி வைத்தால், அதே ஃபின்கள் கூடுதல் காற்றை இழுக்கும். ஆப்பிள் 2000ஆம் ஆண்டில் விற்ற விசிறியில்லாத ஜி4 கியூப் என்ற கணினியின் நடுவில் இப்படி ஒரு போக்கிதான் இருந்தது. அழகான பெட்டி, விலை அதிகம், ஒரு வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள்.

இனி ஒரு சின்ன ரகசியம். நம் ஊர் விசிறியில்லாக் கணினிக்கு உண்மையில் ஒரு விசிறி இருக்கிறது, அது சீலிங்கில் தொங்குகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று தவழ்ந்தாலே வெப்பம் போகும் வேகம் ஒன்றரை மடங்காகிவிடும். இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. கிடைப்பதைப் பயன்படுத்துவதுதான் பொறியியல். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கரண்ட் போய், கணினி யூபிஎஸ்ஸில் ஓட, ஃபேன் மட்டும் நின்றுவிடும் வீடுகள் நிறைய உண்டு. எல்லா அளவும் ஃபேனை நிறுத்தியே எடுக்க வேண்டும்.

வெப்பத்தை வெளியேற்றாமல் கொஞ்ச நேரம் விழுங்கிவைத்துக்கொள்ளும் வழி ஒன்றும் இருக்கிறது. மேலே சொன்ன பாலாஜியின் குழு பின்னாளில் அதைத்தான் ஆராய்ந்தது. ஃபின்களுக்கு நடுவே மெழுகு போன்ற பொருளை நிரப்பிவிட்டால், அது உருகும்போது உள்ளுறை வெப்பமாக நிறைய விழுங்கும், வெப்பநிலை ஏறாது. அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று ஐகோசேன், சுமார் 36.5 டிகிரியில் உருகுவது. 100 கிராம் ஐகோசேன், 35 வாட் ப்ராசஸரின் வெப்பத்தைப் பதினோரு நிமிடம் தாங்கும். விட்டு விட்டு வேலை செய்யும் கருவிகளுக்கு அது அருமை. ஆனால் நம் 40 டிகிரி அறையில் கணினியைத் திறப்பதற்கு முன்பே அது உருகிக் கிடக்கும்! இங்கே 55 டிகிரிக்கு மேல் உருகும் பாரஃபின் மெழுகுதான் பொருந்தும். அதுவும் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் ஃபின்கள் நடுவே இல்லாமல் ஆகாது. வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கசிந்தால் மதர்போர்டு நாசம்.

இத்தனையும் வெப்பம் வந்த பிறகு அதை என்ன செய்வது என்ற கதை. வராமல் தடுத்தால்?

1985 ஏப்ரலில் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் நிறுவனத்தின் முதல் ஆர்ம் சிப் வந்து சேர்ந்தது. வடிவமைத்தவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். பீங்கான் உறைக்குக் காசில்லாமல் மலிவான பிளாஸ்டிக் உறையில் சிப்பை அடக்க வேண்டியிருந்தது. ஒரு வாட்டைத் தாண்டினால் பிளாஸ்டிக் தாங்காது. அதனால் எச்சரிக்கையாக வடிவமைத்தார்கள், தேவைக்கு மேலேயே. சோதனை மேசையில் அம்மீட்டர் பூஜ்யம் காட்டியது, சிப்போ ஓடிக்கொண்டிருந்தது. மின் இணைப்பு கொடுக்கப்படவே இல்லை. மற்ற கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. இன்று நம் சட்டைப்பையில் விசிறியில்லாமல் ஓடும் கணினிகளின் மூதாதை அது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நம் நாட்டில் இன்னொன்று நடந்தது. 1984 ஆகஸ்டில் தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடாவின் முயற்சியால் தொடங்கிய சி-டாட் என்ற ஆய்வு மையம், கிராமங்களுக்கென்று 128 போர்ட் கொண்ட தொலைபேசி எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. உள்ளே மைக்ரோப்ராசஸர் உள்ள அசல் கணினிதான். வெளிநாட்டு எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள் ஏசி அறையைக் கேட்டன. சி-டாட் அந்த நிபந்தனையையே வடிவமைப்பிலிருந்து அடித்துவிட்டது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்புகள், ஏசி தேவையில்லை. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது நிறுவப்பட்டது. பிறகு ஆயிரக்கணக்கில் ஊர் ஊராகப் போனது. விசிறியில்லாக் கணினி என்றால் மேல்நாட்டு மோகம் என்று நினைப்பவர்களுக்கு அந்த எக்ஸ்சேஞ்சைச் சொல்லலாம்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். 65 வாட்டுக்குப் பதில் 35 வாட் ப்ராசஸர் எடுத்தால், 40 டிகிரி அறையிலும் ஹீட் சிங்க்கின் பங்கு 0.94 ஆகிவிடுகிறது. 25 டிகிரி அறையில் 65 வாட்டுக்குக் கிடைத்த 0.57ஐவிடத் தாராளம். இன்டெல்லில் பெயர் ‘டி’ என்று முடிபவையும் ஏஎம்டியில் ‘ஜிஇ’ என்று முடிபவையும் 35 வாட் வகை. ஆனால் அட்டையில் 35 என்று எழுதியிருந்தாலும் அவசரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேலும் உறிஞ்சும். பயாஸில் போய் அந்த உச்சவரம்பைக் கட்டிப்போட வேண்டும். எழுத்து, கணக்கு, படம் பார்ப்பது இவற்றுக்கு இன்டெல் என்100 போதும், அது 6 வாட் வகை. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இந்த அறைக்கு ஆகாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

ப்ராசஸர் உறிஞ்சும் சக்தி, வோல்டேஜின் இருமடியையும் வேகத்தையும் பொறுத்தது. இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தால் வேகத்தில் இழப்பது பத்து சதவீதம், வெப்பத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 27 சதவீதம். இவ்வளவு லாபமான பேரம் ரிச்சி தெருவில்கூடப் படியாது.

விசிறி ப்ராசஸரை மட்டும் குளிர்விக்கவில்லை, அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டது. அதை எடுத்ததும் மற்றவை அநாதையாகின்றன. எஸ்எஸ்டியின் அடியில் தெர்மல் பேட் வைத்துக் கேபினெட்டோடு ஒட்டிவிடுங்கள். மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதிக்கும் அப்படியே. எஸ்எம்பிஎஸ் வேண்டாம், லேப்டாப் அடாப்டர்போல் வெளியே இருக்கும் 19 வோல்ட் வகை நல்லது. அதன் வெப்பம் பெட்டிக்கு வெளியிலேயே நின்றுவிடும். கெப்பாசிட்டர்கள் திரவ வகையானால், 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைப்பது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும்.

கட்டி முடித்ததும் சோதிக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாலு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடேற்ற 3600 ஜூல் வேண்டும். 35 வாட் அதைத் தர நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கை வைத்தால் பெட்டி ஜில்லென்றுதான் இருக்கும், மனசும் நிறைந்துவிடும். நிலையான வெப்பநிலைக்கு வர இரண்டு மணி நேரமாவது ஆகும்.

ஆகவே மார்கழியில் கட்டியிருந்தாலும் தீர்ப்பை மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். மாலை ஐந்தரைக்குத் தொடங்குங்கள். ஃபேனை நிறுத்தி, முழு வேகத்தில் ஓடவிட்டு, ஏழரை மணிக்கு ப்ராசஸரின் வெப்பத்தைப் பாருங்கள். 85க்குள் இருந்தால் முடிந்தது. தாண்டினால் இன்னும் அலுமினியம் வாங்கப் பட்டறைக்கு ஓடாதீர்கள். பயாஸில் 35 என்பதை 28 ஆக்கிவிட்டு, இன்னொரு இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள்.